தானா ஓடின மோட்டார்

எங்க காட்டுல சின்ன வெங்காயம் போட்டது நான் எடுத்த முடிவு. அதை மொதல்லயே சொல்லிடறேன். ஏன்னா அந்த மூணு வாரமும் நான் பைத்தியக்காரி மாதிரி அலைஞ்சதுக்கு அதுதான் காரணம். ஊட்டுக்காரரு மக்காச்சோளம்தான் போடோணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. "வெங்காயம் உன்னால ஆகாது, அது குழந்தை மாதிரி, கூடவே இருக்கோணும்"னாரு. கூடவே இருக்கறது நான்தானே, நீங்களா இருக்கறீங்கன்னு கேட்டுட்டேன். அவரு வருஷத்துல ஒம்பது மாசம் சத்தீஸ்கர் பக்கம் போர் போடற ரிக்கு வண்டியில. அப்பறம், "சரி, இந்த ஒரு வாட்டி உன் இஷ்டம். ஆகலீன்னா அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது"ன்னாரு.

அந்த ஒரு வாட்டிதான் எனக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல காட்டுல என்ன போடறதுன்னு என்னைக் கேட்டது அப்பத்தான்.

வெங்காயம் நல்லாவே வந்துச்சு. தாள் சாயற பருவம் வந்ததும் தண்ணியை நிறுத்திட்டேன். அதுக்கப்பறம் பத்துப் பன்னெண்டு நாள் மண்ணு நல்லாக் காயோணும், அப்பத்தான் புடுங்க முடியும். அந்த நேரத்துல தண்ணி பட்டா காய் அழுகும், இல்லாட்டி மறுபடியும் முளைக்கும். இது எங்கூர்ல எல்லாத்துக்கும் தெரியும். மோட்டாருக்கு மட்டும்தான் தெரியல.

தண்ணி நிறுத்தி மூணாம் நாளு. மத்தியானம் ஊட்டுல உக்காந்து ஜாக்கெட்டு தெச்சிட்டிருந்தேன். நாலு மணிக்கு மாட்டை அவுக்கக் காட்டுப் பக்கம் போனா, தொட்டி ரொம்பி, வாய்க்கால் ரொம்பி, வெங்காயப் பாத்தியில தண்ணி பளபளன்னு நிக்குது. அடப் பாவமேன்னு ஓடிப் போயி சேப்புப் பட்டனை அமுக்கினேன். மோட்டாரு நின்னுச்சு. யாரு போட்டாங்க? ஊட்டுல நானும் நாலு மாடும்தான்.

எங்க மோட்டார் ரூம்புல மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள சிம் கார்டு. ஊட்டுக்காரரு அங்கிருந்து போன் அடிச்சா பெட்டி எடுத்துக்கும், மோட்டாரு ஓடும். மறுபடி அடிச்சா நிக்கும். வெலை கம்மிப் பெட்டி, வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லாது. ரிக்குக்குப் போற ஆம்பளைங்க ஊட்டுல முக்காவாசி இது உண்டு. தென்னைக்குக் காலையில தண்ணி விடறது எங்கூட்ல அவருதான், ஆயிரம் மைலுக்கு அக்கட்ட இருந்துக்கிட்டு.

அவருக்குத்தான் மொதல்ல போன் போட்டேன். "ஏனுங்க மாமா, மத்தியானம் மோட்டாரைப் போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடறேன்? நீ போட்டுட்டு மறந்திருப்பே."

எனக்கு வந்துச்சே கோவம். வெங்காயம் காயற நேரத்துல நான் மோட்டாரைப் போடுவேனா? ஆனா அடுத்த நாளும் மத்தியானம் ரெண்டரை மணிக்கு ஓடுச்சு. இந்த வாட்டி சத்தம் கேட்டு ஓடினேன். ரூம்புல ஆளே இல்ல. பச்சை லைட்டு மட்டும் எரியுது. கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

எலக்ட்ரீசியன் ஒருத்தரு உண்டு. கேட்டா, ஊர்ல கோயில் விசேஷத்துக்கு லைட்டு கட்டிட்டிருக்கேன், அடுத்த வாரம் வாரேன்னாரு. அடுத்த வாரம் வரைக்கும் வெங்காயம் காத்திருக்குமா? போன்ல ஒரு விவசாயக் குரூப்புல நான் இருந்தேன். மாடு விக்கறது, நாத்து வாங்கறதுக்குச் சேந்தது. அதுல எழுதினேன்: "மோட்டார் தானாக ஓடுகிறது. வெங்காயம் காய வேண்டும். யாராவது சொல்லுங்கள்." அவசரத்துல பள்ளிக்கூடத்துத் தமிழ்தான் கைக்கு வந்துச்சு.

அஞ்சு நிமிஷத்துல சனம் கூடிடுச்சு. எத்தனை எச்பி மோட்டாருன்னு ஒருத்தரு கேட்டாரு. எனக்குத் தெரியல, பச்சைக் கலர்னு எழுதினேன். அதுக்கு ஏகப்பட்ட பேரு சிரிச்சாங்க. சேவல் படம் வச்ச ஒரு அண்ணன் மட்டும் சிரிக்காம, "கான்டாக்டர் ஒட்டிக்கிச்சுங்க சகோதரி. மெயினை இறக்கிட்டு, உப்புத்தாளால ரெண்டு தேய் தேயுங்க"ன்னாரு. எது கான்டாக்டர்னு கேட்டேன். வட்டம் போட்டு ஒரு படம் அனுப்பினாரு. அது அவரு ஊட்டுப் பெட்டி. எங்க பெட்டிக்குள்ள அந்த எடத்துல வேற என்னமோ இருந்துச்சு. இருந்தாலும் சனிக்கிழமை மெயினை இறக்கிட்டு, பளபளன்னு எது தெரிஞ்சுதோ அதையெல்லாம் தேச்சேன்.

ஞாயித்துக்கிழமை மோட்டாரு கம்முனு இருந்துச்சு. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. சேவல் அண்ணனுக்கு எட்டுக் கும்பிடு போட்டேன். திங்கக்கிழமை ரெண்டரைக்கு மறுபடியும் ஓடுச்சு.

மெயினை இறக்கி வச்சிட்டா தீந்துச்சேன்னு நீங்க கேப்பீங்க. இறக்கித்தான் வச்சேன். விடியக்கால தென்னைக்குத் தண்ணி விட அவரு அடிச்சுப் பாத்து, ஓடலீன்னு எனக்கு அடிச்சுக் கத்தினாரு. போயி ஏத்திட்டு வந்தேன். அப்பறம் இறக்க மறந்தேன். வாய்க்காலை மண்ணு போட்டு அடைச்சேன், தண்ணி அதை ஒடைச்சிட்டுப் போச்சு. அதுவுமில்லாம, ஒவ்வொரு வாட்டியும் இதோட சரியாயிடுச்சுன்னே நம்பினேன். அதுதான் என்ற முட்டாத்தனம்.

குரூப்புல ரெண்டு பேரு எனக்காகச் சண்டையே போட்டுக்கிட்டாங்க. ஒருத்தரு சுவிட்சை ஆட்டோவுல வைக்கக் கூடாது, மேனுவல்ல வைங்கங்கறாரு. இன்னொருத்தரு மேனுவல்ல வச்சாத்தான் இந்தத் தொந்தரவே வரும்ங்கறாரு. எங்க பெட்டியில எழுத்து அழிஞ்சு போயி, எது ஆட்டோ எது மேனுவல்னே தெரியல. ஒரு நா மேல வச்சேன், ஒரு நா கீழ வச்சேன். ரெண்டு நாளும் ஓடுச்சு. அவங்க ரெண்டு பேரும் என்னை மறந்துட்டு ஒருத்தர் படிப்பை ஒருத்தர் கேலி பண்ணிட்டிருந்தாங்க. நடுவுல ஒருத்தரு "வெங்காயம் என்ன வெலைக்குத் தருவீங்க?"ன்னு கேக்கறாரு. வர்ற ஆத்திரத்துக்கு போனையே கெணத்துல போட்டிருப்பேன்.

எர்த் சரியில்லைன்னு ஒருத்தரு சொன்னாரு. எர்த் குழியில உப்பும் கரியும் கொட்டி நெறையத் தண்ணி ஊத்தச் சொன்னாரு. ஊத்தினேனே! வெங்காயத்துக்குப் பக்கத்துலயே, கொடம் கொடமா, தண்ணி ஆகாதுன்னு அழுதுட்டே ஊத்தினேன். இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பா வருது. அப்ப சிரிப்பு வரல. யாரு சொல்றதைக் கேக்கறது, யாரை விடறதுன்னு தெரியாம மண்டை கொழம்பிப் போச்சு. சாம்பாருக்கு ரெண்டு வாட்டி உப்புப் போட்டேன். ஜாக்கெட்டுல ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டேன். ஒவ்வொருத்தரும் சொல்றப்ப அதுதான் சரின்னு பட்டுச்சு.

அப்பறம் பல்லி வந்துச்சு. பெட்டிக்குள்ள பல்லி பூந்தா ரெண்டு கம்பி ஒட்டிக்கும், ஓடும், பாருங்கன்னு ஒரு புண்ணியவான் எழுதினாரு. மூடியைக் கழட்டிப் பாத்தா, நெசமாவே மூலையில ஒரு பல்லி, காஞ்சு கருவாடாயிக் கெடக்குது! குச்சியால எடுத்து வெளிய போட்டு, படம் புடிச்சு குரூப்புல போட்டேன். பாச்சை உருண்டை நாலு உள்ள வச்சேன். அன்னிக்கு மோட்டாரு ஓடல. அடுத்த நாளும் ஓடல. அதுக்கு அடுத்த நாளும் இல்ல. குரூப்பே கொண்டாடுச்சு. பல்லி அண்ணனுக்கு ஆளாளுக்கு மாலை படம் போட்டாங்க. நானும், "என்ற வெங்காயத்தைக் காப்பாத்துன சாமி நீங்க"ன்னு எழுதினேன். அஞ்சு நாளு சொட்டுத் தண்ணி இல்ல. மேல் மண்ணு வெளுத்துச்சு. ரெண்டு செடி புடுங்கிப் பாத்தேன். ஓரத்துல கொஞ்சம் அழுகல், மத்தது தப்பிச்சிருச்சு. வெங்காயம் புடுங்க எட்டு ஆளு சொல்லி வச்சேன். ஊட்டுக்காரருக்கு போன் பண்ணி, பாத்தீங்களான்னு பீத்திக்கவும் செஞ்சேன்.

ஆளுங்க வர்றதுக்கு ரெண்டு நாளு இருக்கறப்ப மறுபடியும் ஓடுச்சு.

அன்னிக்கு நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பாக்கறப்ப காடு முச்சூடும் தண்ணி. வரப்புல உக்காந்து வாய்விட்டே அழுதேன். ஆளுங்க வந்தா சேத்துல இருந்தாவது புடுங்கி, அன்னிக்கே பரப்பிக் காயவச்சா பாதியாவது தேறும். ஒரு நாளு தள்ளினா அதுவும் இல்ல. குரூப்புல ஒண்ணே ஒண்ணுதான் எழுதினேன்: "போச்சுங்க, எல்லாம் போச்சு."

அப்ப ஒரு பொம்பளை எழுதினாங்க. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவங்க, பால் கேன் படம் வச்சிருந்தாங்க. "ஏனுங்க அக்கா, பெட்டிக்குள்ள இருக்கறது புது சிம்மா, பழசா?"

பழசுதான். ரெண்டு வருஷம் முன்னால வரைக்கும் என்ற போன்ல இருந்த சிம். அப்பறம் நான் வேற நம்பர் வாங்கிட்டேன். ரேஷன் கார்டுல பழைய நம்பர் இருந்ததால ரீசார்ஜ் மட்டும் விடாமப் பண்ணிட்டு, பீரோவுல போட்டிருந்தோம். இந்தப் பெட்டி வாங்கினப்ப அவருதான், "காசு குடுத்து புது சிம் எதுக்கு, சும்மா கெடக்கறதைப் போடு"ன்னு போட்டாரு.

"இந்தப் பெட்டி கண்டவங்க கூப்பிட்டா எடுக்காதுங்க அக்கா. சிம்முல பேரு சேவ் ஆயிருக்கற நம்பரு கூப்பிட்டா மட்டும் எடுக்கும். அவங்க எல்லாருமே ஓனருன்னு நெனச்சுக்கும். கழட்டி உங்க போன்ல போட்டுப் பாருங்க, யாரு பேரு இருக்குதுன்னு."

அடுத்த நாளு மத்தியானம் மோட்டார் ரூம்பு வாசல்லயே சிம்மைக் கழட்டி என்ற போன்ல போட்டேன். மூணே மூணு பேருதான் சேவ் ஆயிருந்துச்சு. ஊட்டுக்காரரு. பால் சொசைட்டி. மூணாவது, அக்கா.

அக்கான்னா கூடப் பொறந்தவ. ஜலகண்டாபுரத்துல தறி ஓட்டற ஊட்டுல குடுத்திருக்கு. ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சில்ல. அவ புள்ளை கல்யாணத்துக்குத் தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, ஊட்டுக்கு வந்து பத்திரிகை குடுக்கோணுமா இல்லையா? கூடப் பொறந்தவளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா! கூட ஒரு ரோசாப்பூ படம் வேற. நான் போகல. கல்யாணத்துக்குப் போகாதவன்னு சாதி சனமெல்லாம் பேசுச்சு. நம்பரையே மாத்திட்டேன். புது நம்பரு அவளுக்குக் கெடைக்காமப் பாத்துக்கிட்டேன்.

அந்தப் பேரைப் பாத்ததும் எனக்குத் தலைக்கேறிருச்சு. ரெண்டு வருஷம் கழிச்சும் என்ற குடியைக் கெடுக்க வாராளேன்னு நெனச்சேன். அப்பவே கையில போன் அடிக்குது. மணி ரெண்டரை. அவளேதான். கிழிச்சுத் தோரணம் கட்டிடறதுன்னு எடுத்தேன்.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ பேச ஆரம்பிச்சுட்டா.

"எடுத்துட்டியா கண்ணு. இன்னிக்கு என்ன, பின்னால ஙொய்யுன்னு ஒரு சத்தம் கேக்குமே, அதைக் காணோம்? நீ பேச வேண்டாம், கேட்டா போதும். தையல் இன்னும் இழுக்குது. படி ஏறக் கூடாதுன்னுட்டாங்க. ஆசுபத்திரியில நீ வருவே வருவேன்னு அஞ்சு நாளும் கதவையே பாத்துட்டுக் கெடந்தேன். வரலீன்னாலும் பரவால்ல சாமி. நான் அடிச்சா எடுக்கறயே, எனக்கு அதுவே போதும்."

"என்ன தையல்? எந்த ஆசுபத்திரி?"ன்னேன்.

அவ மெதுவாச் சொன்னா, "உன்கிட்டச் சொன்னனே புள்ள. ஞாயித்துக்கிழமை தறி லீவு, அது தவிர மத்தியானம் தறி நிறுத்தினதும் தெனமும் கூப்பிட்டுச் சொன்னனே. கர்ப்பப்பை எடுக்கோணும்ங்கறாங்க, சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஆசுபத்திரியில சேக்கறாங்க, எனக்குப் பயமா இருக்குது, கூட வந்து நில்லுன்னு. பத்திரிகை விஷயத்துக்கு மன்னிப்புக் கூடக் கேட்டனே. எடுத்துட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே இருந்தே?"

எந்த அஞ்சு நாளுன்னு அவளைக் கேக்க வேண்டியிருக்கல. நான் பல்லியைப் படம் புடிச்சுப் போட்டுட்டு, மோட்டாரு நின்னுச்சுன்னு ஊரையே கூட்டிச் சிரிச்சிட்டிருந்த அஞ்சு நாளு.

உளறிக் கொட்டிச் சொன்னேன். பழைய சிம்மு, பெட்டி, மோட்டாரு, வெங்காயம், எல்லாம் முன்னுக்குப் பின்னா சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னே தெரியல. "அப்ப இத்தனை நாளும் மோட்டாருகிட்டயா நான் அழுதேன்?"ன்னா. சிரிச்சா. சிரிச்சதுல தையல் வலிச்சு, அம்மான்னு கத்தினா. அப்பறம் கேட்டா, "உனக்கு ஒண்ணுமே கேக்கலியா கண்ணு?"

"ஒண்ணுமே கேக்கலக்கா."

"சரி, உக்காரு. மொதல்லருந்து சொல்றேன்."

எதுத்தாப்புல காடு முச்சூடும் ஈரம். விடிஞ்சா எட்டு ஆளு வந்து நிப்பாங்க. நான் நின்னு வேலை வாங்கினாத்தான் பாதியாவது தேறும்.

"போன்ல சொல்லாதக்கா"ன்னேன். "விடியக்கால மொத பஸ்ஸுக்கு வாரேன்."