தங்கக் கோடு போட்ட லைசென்ஸ்

கவாகுச்சியில் நொபோரு குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் பின்னால், கார் நிறுத்த அவர் வாடகைக்கு எடுத்த இடம் ஒன்று மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்தது. நிறுத்த இடம் காட்டினால்தான் கார் வாங்கப் போலீஸ் நிலையத்தில் சான்று தருவார்கள் என்பதால் மனிதர் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிட்டார். கார்தான் வந்தபாடில்லை. வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கட்டத்தின் நடுவில் அவர் மனைவி மசாயோவின் கூடை வைத்த சைக்கிள் மட்டும் மகாராணி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அவர் தேடியது பழைய மாஸ்டா ரோட்ஸ்டர். முதன்முதலில் வந்த ரகம், கரும்பச்சை நிறம், தேன் நிறத் தோல் இருக்கை. இரண்டே பேர் உட்காரலாம். துணிக்கூரையை மடித்துவிட்டால் தலைக்கு மேல் வானம். விளக்கைப் போட்டால் மூக்கின் மேல் தவளைக்கண் மாதிரி இரண்டும் எழும்பும். இருபத்தொரு வயதில் அதைத் தெருவில் பார்த்து, நடைபாதையில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவர் அவர். அன்று பிடித்த ஆசை ஐம்பத்தைந்து வயதில் தலை வழுக்கையான பிறகும் விடவில்லை.

பதினோரு வருடத்தில் நாற்பது வண்டியாவது பார்த்திருப்பார். பூசி மறைத்த துருவைக் கண்டுபிடிக்கக் காந்தம், டார்ச், மண்டியிட ஒரு துணி, எல்லாம் பையில் தயாராக இருக்கும். சிபாவில் பார்த்த வண்டிக்குக் கதவுக்கடியில் துரு. நாகனோவில் பார்த்தது எங்கோ இடித்து ஒட்டுப்போட்டது. திருகாணித் தலையில் சாயம் உரிந்திருந்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இன்னொன்றின் இருக்கையில் பூனை வாடை. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பரிசுப்பொதி சுற்றும் பிரிவில் முப்பது வருடமாக வேலை. பன்னிரண்டு விநாடியில் ஒரு பெட்டியைச் சுருக்கமே இல்லாமல் காகிதத்தில் சுற்றிவிடும் கை. அந்தக் கண்ணுக்கு எந்த வண்டிதான் தப்பும்? கூட வேலை செய்கிறவர்கள் கார் வாங்கப் போனால் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நொபோருவின் கதையும் அதுதான், அது அவருக்கு மட்டும் தெரியும். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

லைசென்ஸ் என்னவோ பளபளவென்று இருந்தது. ஐந்து வருடம் ஒரு தப்பும் செய்யாமல் ஓட்டியவர்களுக்கு மரியாதையாகப் போட்டுத் தரும் தங்கக் கோடு, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கும் கிடைத்தது. ஓட்டாதவர் எங்கே தப்பு செய்யப் போகிறார்? மாமியாரோடு சண்டையே போட்டதில்லை என்று கல்யாணமாகாத பெண் பெருமையடிப்பது மாதிரிதான்.

நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலைச் சாப்பாட்டில் மசாயோ போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"என்னங்க, பச்சை வண்டி. குன்மாவுல. ஒரே ஆள் வச்சிருந்தது. எழுபத்தொன்பது வயசுப் பெரியவர், இசோபேன்னு பேரு. வயசாச்சு, ஓட்டாதீங்கன்னு மகள் சொன்னதால லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டாராம். ஞாயித்துக்கிழமை வர்றோம்னு சொல்லிட்டேன்."

நொபோரு மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை மழைன்னாங்களே."

"மழை இல்ல. பார்த்துட்டேன்."

"இவ்வளவு கம்மியா ஓடியிருக்குன்னா மீட்டர்ல ஏதோ..."

"பதினோரு வருஷமா பொண்ணு பார்க்குறீங்க. ஒருத்திக்கு மூக்கு சரியில்ல, ஒருத்திக்குப் பல்லு சரியில்ல. நானும் ஒரு தடவை வந்து பார்க்குறேன், அப்படி என்னதான் குத்தம் இருக்குன்னு."

அவள் இதுவரை கூட வந்ததில்லை. அதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. அன்று வேலையில் அவர் சுற்றிய பொதிகளில் மூன்றைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டியிருந்தது. மதிய இடைவேளையில் பெரியவரின் ஊர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வீடு தண்டவாளத்துக்கு வடக்கே, பெரிய சாலை தெற்கே. நடுவில் ஒரே ஒரு ரயில்வே கேட். வேறு வழியே இல்லை. கழிப்பறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார்.

ஞாயிறன்று தகாசாகியில் இறங்கி, இரண்டே பெட்டி உள்ள சின்ன ரயிலில் ஏறினார்கள். ஒற்றைத் தண்டவாளம் வயல்களை அறுத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச தூரத்துக்கு ஒரு கேட் வந்தது. கான் கான் கான் என்று மணிச்சத்தம் கிட்டே வந்து, பெட்டியைத் தாண்டிப் பின்னால் ஓடும். ஒவ்வொரு முறையும் நொபோரு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மசாயோ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், லைசென்ஸ் எடுத்த புதிதில், அவளைக் கவர வாடகைக் கார் எடுத்துச் சிச்சிபு மலைப்பக்கம் கூட்டிப்போயிருந்தார். அப்போது கல்யாணம் பேசவில்லை. மழையில் திரும்பும்போது ஒரு கேட்டின் நடுவில், தண்டவாளத்தின் மேலேயே, வண்டி அணைந்துவிட்டது. மணி அடிக்கத் தொடங்கியது. முன்னும் பின்னும் தடுப்புக் கம்பு இறங்கியது. சாவியை மூன்று முறை திருகினார், உறுமியதே ஒழியப் பிடிக்கவில்லை. அடுத்து அவர் நினைவில் இருப்பது, கம்புக்கு அந்தப் பக்கம் மழையில் தான் நின்றது. எப்போது கதவைத் திறந்தார், எப்படிக் குனிந்து ஓடினார், ஒன்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் மசாயோ உள்ளேயே இருக்கிறாள். பாதிப் படிப்போடு டிரைவிங் பள்ளியை விட்டவள், என்ஜின் பிடிக்காவிட்டாலும் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி கொஞ்சம் நகரும் என்று அங்கே சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைத்து, இடது இருக்கையிலிருந்தே கியரைப் போட்டுச் சாவியைத் திருகி, திருகித் திருகி, வண்டியைத் தவளை மாதிரி தத்த வைத்துக் கம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ரயில் அதற்குப் பிறகுதான் போயிற்று.

இறங்கி வந்து அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "பசிக்குது." இரண்டு பேரும் ஒரு கடையில் சூடாகச் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவர் கேட்டபோது கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னாள். அந்த மழைநாளைப் பற்றி அதன்பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பயம் என்றால் நொபோருவுக்கு ரயில் மேல் பயம் இல்லை. தான் பக்கத்தில் இருப்பவளை ஆபத்தில் விட்டுவிட்டு ஓடுகிற ஆள், அதை அவள் கண்ணாலேயே பார்த்தவள், இன்னொரு முறையும் பார்த்துவிடுவாள் என்ற பயம். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட அவளைத்தான் கூப்பிடுவார். அவள் செருப்போடு வருவாள்.

இசோபே பெரியவர் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பழ மரத்தடியில் வண்டி நின்றது. கரும்பச்சை, தேன் நிறத் தோல். நொபோரு ஆசையாக ஓரடி முன்னால் வைத்தார், உடனே பையைத் திறந்தார். துணியை விரித்து மண்டியிட்டார். துரு இருக்க வேண்டும் என்று இல்லாத சாமியையெல்லாம் வேண்டினார். கதவுக்கடியில் காந்தம் கச்சிதமாக ஒட்டியது. திருகாணிகள் கம்பெனியில் பூசிய சாயத்தோடு இருந்தன. கூரைத் துணியில் ஊசி முனை ஓட்டை இல்லை. இருக்கையை முகர்ந்தும் பார்த்துவிட்டார்.

"பூனை வளர்க்குறீங்களாய்யா?"

"எனக்குப் பூனைன்னா ஆகாது தம்பி."

அரை மணி நேரம் தேடியும் ஒரு குத்தமும் அகப்படவில்லை. எழுந்து, துணியை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதுக்கு முன்னாடி மூணு பசங்க வந்தானுங்க," என்றார் பெரியவர். "லைசென்ஸைக் காட்டுங்கடான்னேன். ஒருத்தனுக்கும் தங்கக் கோடு இல்ல. என் வண்டியை மலையில உருட்டவா வந்தீங்க, போங்கடான்னு அனுப்பிட்டேன். உங்களுது எங்க?"

நொபோரு எடுத்துக் கொடுத்தார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எத்தனை வருஷமா இப்படி?"

"இருபத்தெட்டு வருஷம்... ஒரு தப்பும் இல்லைங்கய்யா."

சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை, அதுதான் கொடுமை. பெரியவர் சாவியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

"பெரிய ரோடு வரைக்கும் போய்ட்டு வாங்க."

"நீங்க பக்கத்துல உக்காருங்கய்யா. வண்டியோட குணம் உங்களுக்குத்தான் தெரியும்," என்றார் நொபோரு, கடைசித் துரும்பைப் பிடித்தவராக.

"ரெண்டு சீட்டு வண்டி தம்பி. இனிமே யாரு அதுல உக்காரப் போறாங்களோ அவங்க உக்காரட்டும். என்னம்மா நான் சொல்றது?"

ஒருநாள் காப்பீட்டை மசாயோ ரயிலிலேயே போனில் எடுத்துவிட்டிருந்தாள். ஏறி உட்கார்ந்து தலைக்குத் துணி கட்டிக்கொண்டாள். நொபோரு சாவியைத் திருகினார். என்ஜின் இனிமையாகப் பிடித்தது. வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை அணைந்தது.

"பழைய கிளட்ச்சு, புது ஆளுன்னா முரண்டு பிடிக்கும்!" என்று பெரியவர் தங்கக் கோட்டை நம்பிப் பழியை வண்டி மேல் போட்டார்.

சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. வெங்காயத்தாள் வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாகப் போயின. பதினோரு வருடம் கனவு கண்ட இருக்கை முதுகுக்குப் பொருந்தி உட்கார்ந்தது. ஆனால் அனுபவிக்க மனம் எங்கே இருந்தது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்குப் பட்டப்பகலில் தூரத்து மின்கம்பம் எல்லாம் கேட்டாகத் தெரிந்தது. கடைசியில் உண்மையான கேட்டே வந்துவிட்டது. மஞ்சளும் கறுப்புமாகக் கம்பு வானத்தைப் பார்த்து நின்றது.

சட்டப்படி கோட்டில் நிறுத்தினார். நிறுத்தி, ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். கூரையை மடித்திருந்ததால் ஊர்ச்சத்தமெல்லாம் கேட்டது. மணி அடிக்கவில்லை. தண்டவாளம் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. போகலாம். அவரால் முடியவில்லை. இடது கால் கிளட்ச்சின் மேல் தையல் மிஷின் மாதிரி ஆடியது.

"மசாயோ, நீ இறங்கிக்கோ."

"எதுக்கு?"

"நடந்து அந்தப் பக்கம் போய் நில்லு. நான் வண்டியைக் கொண்டு வர்றேன்."

"எதுக்குன்னு கேக்குறேன்ல."

"நின்னுபோச்சுன்னா நான் ஓடிருவேன்." குரல் அவருடையதாகவே இல்லை. "உன்னை விட்டுட்டு ஓடிருவேன். நான் அப்படிப்பட்ட ஆளு. உனக்குத்தான் தெரியுமே."

சொல்லிவிட்டார். மசாயோ அவர் பக்கம் திரும்பினாள்.

"இதுக்காகவா இத்தனை வருஷமா துரு தேடுனீங்க?"

அவர் தலையாட்டினார்.

"அன்னைக்கு நான் தைரியமா உக்காந்திருந்தேன்னு நெனச்சீங்களா?"

"பின்ன? நீதானே வண்டியை..."

"பெல்ட்டு கழலலங்க."

நொபோரு திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டாவது தடவை சாவியைத் திருகும்போதே நான் பெல்ட்டைக் கழட்டப் பார்த்தேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கழண்டிருந்தா உங்களுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் போய் நின்னிருப்பேன். இழுக்க இழுக்க இறுகிச்சு. வேற வழி இல்லாமதான் சாவியைத் திருகுனேன். வெளிய வந்தப்புறம் ஒரே அமுக்குல கழண்டுச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "நான் ஓடப் பார்த்ததை நீங்க பார்த்துட்டீங்க, அதனாலதான் வெறுத்துப்போய் இறங்கி ஓடிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதையுமே பார்க்கல, மசாயோ."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் பார்த்தா நீங்க என்னைப் பெரிய வீராங்கனை மாதிரி வச்சுக் கொண்டாடுறீங்க. கரப்பானுக்கெல்லாம் கூப்பிடுறீங்க. எனக்கும் கரப்பான்னா உசுரே போயிரும். சொன்னா மதிப்புப் போயிருமேன்னு கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்."

அந்த நேரம் பார்த்து மணி அடிக்கத் தொடங்கியது. கான் கான் கான். இருவரும் ஒன்றாகத் துள்ளி விழுந்தார்கள். கம்பு அவர்கள் மூக்குக்கு முன்னால் மெதுவாக இறங்கியது. இரண்டு பெட்டி ரயில் தடதடவென்று போயிற்று. காற்று மசாயோவின் தலைத்துணியை அவிழ்த்துப் பின்னால் தள்ளியது. கம்பு ஏறியது. பின்னால் வெங்காயத்தாள் ஏற்றிய ஒரு குட்டி லாரி வந்து, ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நின்றது.

"இறங்கட்டுமா?" என்றாள்.

அவர் கை கியர் பிடி வரை போய் நின்றது.

"இதுல கதவு ரெண்டு, ஆளும் ரெண்டு," என்றாள் மசாயோ. "நின்னுபோச்சுன்னா ஆளுக்கொரு கதவு. ஓடிப்போய் அந்தப் பக்கம் சேர்ந்துக்கலாம். போங்க, அந்த லாரிக்காரர் பாவம்."

நொபோரு முதல் கியரைப் போட்டார். பயம் போய்விட்டது என்றால் அது பொய். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கியரை மாற்றாமல், நத்தை மாதிரி, சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது. கடைக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். மசாயோ ஒரு கையில் பெல்ட்டின் கொக்கியையும் மறு கையில் கதவுப் பிடியையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்து, கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் பயந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.