சட்டையின் நிறம்

நெரெய்தா காசரெஸ் விழாப் படங்கள் எடுத்துப் பிழைத்தவள். சினலோவாக் கடலோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்தால் கடன் வாங்கியாவது விழா எடுப்பார்கள். நெரெய்தாவின் கேமரா வராமல் கேக் வெட்ட மாட்டார்கள். தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்யப் போன தம்பி உலிசெஸ் வீடு திரும்பாததிலிருந்து, அவளுக்குப் பூவும் கவுனும் வெறுத்துப் போயின. காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மாரோடு சேர்ந்துகொண்டாள்.

சனிக்கிழமைதோறும் அவர்கள் முள்காட்டுக்குப் போவார்கள். இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, உருவி, நுனியை மோந்து பார்ப்பார்கள். நாற்றம் அடித்தால் தோண்டுவார்கள். கிடைத்த துணியையும் செருப்பையும் மஞ்சள் தார்ப்பாய்ப் பந்தலின் கீழே பரப்பி, செல்போனில் படம் பிடித்து இணையத்தில் போடுவார்கள். பிறகு அவை அரசாங்கக் கிடங்குக்குப் போய்விடும். படத்தைப் பார்த்து யாராவது அடையாளம் சொன்னால்தான் உண்டு.

அவர்கள் எடுப்பதைப் பார்த்ததும் நெரெய்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"தார்ப்பாய்க்கு வெளியே கொண்டாங்க. மஞ்சளுக்குக் கீழ எதை வெச்சாலும் மஞ்சளடிக்கும். நீலச் சட்டை பச்சையாயிடும், பெத்தவளுக்கே தெரியாது."

"வெளிய வெயிலு மண்டையப் பொளக்குதே?"

"வெள்ளைத் துணிய மேல விரிச்சுப் பிடிங்க. வெளிச்சம் சாந்தமா விழும். பக்கத்துல இந்தச் சாம்பல் அட்டைய வைங்க. அட்டையோட நிறம் சரியா வந்தா சட்டையோட நிறமும் சரி. அளவுகோலையும் துணிய ஒட்டினாப்ல வைங்க. அய்யோ, விரலால இழுத்துப் பெரிசாக்காதீங்க தோன்யா, கிட்டப் போய் எடுங்க!"

கடைசியாக வசவு வாங்கியது எஸ்டோலியா. எல்லோரும் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் பருத்த பெண்மணி. மகன் எஃப்ரேனைத் தேடுகிறவர்.

"முட்டி மடங்கணுமே புள்ள. உன்னோட விழாப் பொண்ணுங்க மாதிரி இடுப்ப வளைக்க நான் என்ன கவுனா போட்டிருக்கேன்?"

"முதல்ல லென்ஸத் துடைங்க. காலையில தின்ன பர்ரீட்டோ எண்ணெயெல்லாம் அதுலதான் இருக்கு."

குழியின் ஓரத்தில் நின்றே சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அங்கே நிற்க முடியாது.

பழைய படங்கள் எதற்கும் உதவாது என்று நெரெய்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண்கள் அலைந்து திரிந்து, கிடங்கிலுள்ள துணிகளை மறுபடி படம் எடுக்க அனுமதி வாங்கினார்கள். அங்கே அவள் முதலில் டியூப் லைட்டுகளை அணைக்கச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் எந்த நிறமும் நிறமாக இருக்காது. கேமராவை முக்காலியில், துணிக்கு நேர் மேலே குனிந்து பார்க்கும்படி பூட்டினாள். கை படாமல் டைமர் வைத்து எடுத்தாள். பிளாஷ் போடவே இல்லை. முன்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் மடிப்பையும் தையலையும் தின்றுவிடும். ஜன்னல் ஒரு பக்கமாக இருந்ததால் ஒவ்வொரு தையலும் தன் நிழலோடு எழுந்து நின்றது. எடுத்ததை அங்கேயே இன்னொரு மெமரி கார்டிலும் பிரதி எடுத்துக்கொண்டாள்.

படங்களைப் போட்ட மறுநாள் உச்சிப்பொழுதில் எஸ்டோலியா அவளுடைய போட்டோக் கடைக்கு வந்தார். கையில் செல்போன்.

"இத நீதான எடுத்த?"

"ஆமாங்க தோன்யா."

"இதுல ஏதாச்சும் பண்ணுனியா? கம்ப்யூட்டர்ல பருவெல்லாம் அழிச்சு மூஞ்சிய மினுக்குவியே, அந்த மாதிரி?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"கலர் கிலர் ஏத்தல?"

நெரெய்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "இல்லீங்க. சட்டை இருக்கற மாதிரியேதான் இருக்கு."

எஸ்டோலியா நாற்காலியில் சரிந்தார். கருஞ்சிவப்புச் சட்டை. பழைய படத்தில் அது காப்பிக்கொட்டை நிறத்தில் கிடந்தது. அதைப் பார்த்து, இது எஃப்ரேனுடையது இல்லை என்று தள்ளிவிட்டவர் அவர்.

"கக்கத்துல பச்ச நூலு இருக்கு பாரு. செவப்பு நூலு தீந்து போச்சு. கக்கத்த எவன் பாக்கப் போறான்னு பச்ச நூலாலயே தெச்சுக் குடுத்தேன். ரெண்டு வருசமா இது எம்புள்ள இல்லன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டிருந்தேன். அந்தப் படமே நல்லாருந்துச்சுடி. உன்ன யாரு இத எடுக்கச் சொன்னது?"



அந்தச் சட்டையோடு கிடைத்த எலும்பை எஸ்டோலியாவின் ரத்தத்தோடு ஒப்பிட்ட பரிசோதனையும் அதையே சொன்னது. எஃப்ரேனைச் சின்னப் பெட்டி ஒன்றில் வைத்துத் தந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் எஸ்டோலியா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சோளத்தட்டை அறுப்பு முடிந்த சமயம், ஒரு சனிக்கிழமை முள்காட்டுக்குப் போகும் வண்டியில் எஸ்டோலியா ஏறி உட்கார்ந்திருந்தார். "உங்க புள்ளதான் கெடச்சாச்சே, இன்னும் எதுக்கு வெயில்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வீட்டுல உக்காந்து யாருக்கு ரொட்டி சுடறது? வண்டிய எடு."

அன்று ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட் கிடைத்தது. நெரெய்தா வழக்கம்போலக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். எஸ்டோலியா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"படம் அப்புறம். முதல்ல வெறுங்கண்ணால பாரு. தம்பியோடதா?"

காட்டுக்கு வந்த நாளாக அவள் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்தால் அது வெறும் துணி. நிறம், வெளிச்சம், அளவு. கேமராவை இறக்கினாள். துருப்பிடித்த ஜிப்பையும், கிழிந்த பையையும், காலரில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தாள்.

"இல்லீங்க."

"நெசமா?"

"நெசமாவே இல்லீங்க தோன்யா."

எஸ்டோலியா வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார். நெரெய்தா சாம்பல் அட்டையை வைத்துக் குனிந்தாள்.

அந்த ஜாக்கெட்டைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. உலிசெஸும் கிடைக்கவில்லை.