டேவிட் திருத்திச் சொன்ன சாட்சி

போன ஞாயிறு, ராயபுரத்தில் எங்கள் சபையில், அத்தனை பேர் முன்னாலும் என் மானம் போயிற்று.

கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரம். டேவிட் எழுந்து மைக்கை வாங்கினார். நேராக என்னைக் கை காட்டினார். "அதோ குந்திகினு கீறாரே, சாரு... அவரு பத்திரிகைல என்னப் பத்தி எழுதுனது தப்பு. அவரு மேல குத்தமில்ல. நான்தான் அப்டி சொன்னேன்."

டேவிட்டை நினைவிருக்கிறதா? பழைய வாசகர்களுக்கு இருக்கும். இதே பத்தியில்தான் எழுதினேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய் டேங்குக்குள் ரிப்பேருக்கு இறங்கியவர், உள்ளே தேங்கியிருந்த கேஸில் மயங்கி விழுந்தார். கண் விழித்தால்... டேங்குக்கு வெளியே, வெயிலில் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் ஈ காக்கா இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய்க் கசடு. ஆனால் சட்டைப் பையில் வைத்திருந்த சின்னப் புதிய ஏற்பாடு மட்டும் நெஞ்சின் மேல், சுத்தமாக!

யார் தூக்கினார்கள்? "நீயேதான்யா ஏறி வந்து வுழுந்தே" என்றார் சூப்பர்வைசர். மயங்கிக் கிடந்தவன் எப்படி ஏணி ஏறுவான்?

தேவதூதன்தான். டேவிட் முடிவு செய்துவிட்டார். நானும் சிலிர்த்துப்போய் எழுதிவிட்டேன். எட்டு வருடமாக, எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை அவர் சாட்சி சொல்லாத கூட்டம் கிடையாது. கேசட்கூட வந்தது.

ரெண்டு மாதம் முன்பு பாரிமுனை பஸ்ஸில், பக்கத்து சீட்காரரிடமும் ஆரம்பித்திருக்கிறார். பஸ்ஸில் ஏறினால் சும்மா வரமாட்டார் மனுஷன்! தொப்பி போட்ட ஒரு பாய். பொறுமையாக முழுக்கதையும் கேட்டிருக்கிறார். தண்டையார்பேட்டை நெருங்கும்போது மெல்லச் சொன்னாராம்: "அண்ணே, அது நான்தான்."

பெயர் கபூர். அன்றைக்கு அங்கே கான்ட்ராக்ட் ஹெல்பர்.

"மூச்சப் புடிச்சிகினு எறங்கி, ஒங்க இடுப்புல கவுத்தக் கட்டி மேல இஸ்த்தேண்ணே. வெளிய போட்டப்போ பொஸ்தகம் கசடுல வுழுந்துச்சு. வேதம்னு தெரிஞ்சுது. கீழ கெடக்கட்டும்னு வுட மனசு வரல. என் துண்டால தொடச்சி ஒங்க நெஞ்சு மேல வெச்சேன்."

ஆள் கூப்பிட ஓடிய கபூரை வாசல் கேட்டிலேயே மடக்கியிருக்கிறான் கான்ட்ராக்டர். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல், யாரையும் கேட்காமல் டேங்கில் இறங்கியது குற்றமாம். விஷயம் வெளியே போனால் தன் தலை உருளும் என்ற பயம் அவனுக்கு. அன்றைக்கே கபூரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

டேவிட்டுக்கு அதன்பின் முட்டி போட்டால் ஜெபம் வரவில்லையாம். "வுடுய்யா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றிருக்கிறார் மனைவி. பாஸ்டரோ, "விசுவாசிகள் இடறிப்போவாங்க பிரதர், கொஞ்சம் யோசிங்க" என்று ரெண்டு ஞாயிறு தள்ளிப்போட்டார். ரெண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. நானாக இருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன் – சத்தியமாக.

இந்த மனுஷன் திறந்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். முன்வரிசையில் ஒரு அம்மா தாங்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "அப்போ அற்புதம்னு சொன்னதெல்லாம் பொய்யா தம்பி?"

"தூதன் வந்தாருன்னு சொன்னது தப்பும்மா. எனக்குத் தெரியாதத கர்த்தரு பேரால சொல்லிகினு திரிஞ்சேன். இனிமே சொல்ல மாட்டேன். அதுக்காக அவரு என்னைக் கைவுட்டாருன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு... எட்டு வருசத்துல, என்னைத் தூக்குனது யாருன்னு ஒரு நாளு நான் தேடலம்மா. தூதன்னு சொல்ட்டா தேட வேணாம் பாருங்க! எனக்கோசரம் ஒருத்தன் வேல போய் வூட்ல குந்திகினு இருந்தான். நான் மேடை மேடையா அல்லேலூயா பாடிகினு இருந்தேன்."

மைக்கை மாற்றிப் பிடித்து, "இப்பவும் முட்டி போடறேன். முந்தி தூதன அனுப்புனீரேன்னு நன்றி சொல்வேன். இப்ப கபூருன்னு பேரச் சொல்லி நன்றி சொல்றேன்" என்றார்.

அப்பப்பா! ஆராய ஆரம்பித்தால் விசுவாசம் போய்விடுமோ என்று நாம் எத்தனை விஷயங்களைத் தொடாமலே வைத்திருக்கிறோம்? டேவிட் தொட்டார். போனது அவருடைய பேரும் புகழும்தான். விசுவாசம் அப்படியே இருக்கிறது – முன்பைவிடத் தெம்பாக. எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது.

மறுநாள் கபூர் பாயைப் பார்க்கப் போனேன். தண்டையார்பேட்டையில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். யார் தூக்கியது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னா சார் நீங்க, இதுக்கோசரமா இம்மாந்தூரம்? மொதல்ல டீ சாப்டுங்க" என்று சிரித்தார்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "சார், திரும்ப எழுதுவீங்களா? பெரிய வீரன் மாரி எழுதிடாதீங்க. நடுங்கிகினுதான் எறங்குனேன். பாதி ஏணில திரும்பிப் போய்டலாம்னுகூட நெனச்சேன். அத்தயும் போடுங்க."

போட்டுவிட்டேன், பாய்.