இடத்து மாடு

எங்க வீட்டுல ஒரு மாடு, பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு மாடு. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஏர். பாகலூர்ப் பக்கம் அப்பல்லாம் ஜோடி மாடு வாங்க வக்கில்லாதவங்க இப்படிக் கூட்டு சேர்ந்துதான் உழுதோம். எங்களுது நுகத்துல இடப்பக்கம், அக்காவுது வலப்பக்கம். பக்கம் மாத்திக் கட்டினா ரெண்டும் ஒரு அடி எடுத்து வைக்காது. அக்காவுக்குப் புருஷன் இல்ல. அந்தத் துண்டு நிலம்தான் அவ சோறு. அதையும் என் வீட்டுக்காரர்தான் உழுது கொடுப்பார்.

அந்த மனுஷன் வேலைக்கு அஞ்சாதவர். சீட்டுதான் அவரைத் தின்னுச்சு. எல்லை தாண்டினா மைசூர்ச் சீமை, நம்ம போலீசு அங்க போகாது. சந்தை நாளானா அங்க புளியந்தோப்புல 'உள்ளே வெளியே' நடக்கும். கேட்ட சீட்டு எந்தப் பக்கம் விழும்னு சொல்லணும், அவ்வளவுதான் ஆட்டம். தமிழ்ல ஒருத்தன் கத்துவான், கன்னடத்துல ஒருத்தன், தெலுங்குல ஒருத்தன். தோத்துட்டு வரும்போது மட்டும் எல்லாரும் ஊமை.

அந்த வருஷம் ஆடியில நல்ல மழை. ஈரம் காயறதுக்குள்ள உழுது ராகி விதைக்கணும், மொதல்ல அக்கா நிலம்னு பேசி வெச்சிருந்தோம். மாட்டுக்கு லாடம் அடிச்சுட்டு வரேன்னு சந்தைக்கு ஓட்டிட்டுப் போனவர் சாயங்காலம் வந்து ஓஞ்சுபோய் உக்காந்தார். மாடு எங்கன்னு கேட்டேன்.

"வெளியே"ன்னார்.

பைத்தியக்காரி நான், சோளத்தட்டு ஒரு கட்டு எடுத்துக்கிட்டு வெளியே போனேன். கட்டுத்தறி காலி. வேலியோரம் பார்த்தேன், கிணத்தடியில பார்த்தேன். திரும்பி வந்து அவர் மூஞ்சியைப் பார்த்தப்புறம்தான் ஒறைச்சுது. மாட்டைப் பந்தயம் வெச்சு 'வெளியே'ன்னு சொல்லியிருக்கார். சீட்டு உள்ளே விழுந்திருக்கு. அந்தத் தட்டுக் கட்டாலயே அவரை அடிச்சேன். தடுக்கக்கூட இல்ல.

அக்கா வீடு வீடாப் போய் இடத்து மாடு ஒரு நாளைக்குக் கேட்டா. யார் கொடுப்பாங்க? எங்க தெருவுலயே அந்தத் தோப்பால இன்னும் ரெண்டு கூட்டு ஒடைஞ்சிருந்துச்சு. யாரை நம்பி மாட்டை விடறதுன்னு எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நானும் அவளும் மம்மட்டியால கொத்தினோம். கால்வாசி கொத்தறதுக்குள்ள மண்ணு காஞ்சு போச்சு. விதை ராகியை அவ அரைச்சுக் களி கிண்டிட்டா.

புரட்டாசியில மாட்டையும் வித்துட்டா. வாங்க வந்தவன் யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க மாட்டை ஜெயிச்சவனேதான். வலத்து மாட்டுக்கு அலைஞ்சுகிட்டிருந்தானாம். எங்க மாட்டைக் கையோட ஓட்டிட்டு வந்து, அக்கா வாசல்லயே ரெண்டையும் நுகத்துல பூட்டினான். ரெண்டும் ஒண்ணையொண்ணு மோந்து பார்த்துக்கிச்சு. கெளம்பினதும் எங்க மாடு பழக்கத்துல எங்க கட்டுத்தறிக்குத் திரும்பப் பார்த்துது. அவன் தார்க்குச்சியால குத்தினான்.

"உங்க மாட்டுக்குக் கழுத்துல பழைய புண்ணு இருக்குது, நுகத்துக்குத் துணி சுத்தச் சொல்லுடி"ன்னா அக்கா.

ஓடிப்போய் எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டான். திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவைச் சாத்திட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு, கட்டட வேலைக்குப் பெங்களூர் ரோட்டுல நடந்துகிட்டிருந்தா.