ஏழாவது பெயர்

நூர்ஜகான் அடித்து வைத்திருந்த பெயர்களை அழித்தவன் நான். கை தவறி அல்ல... தெரிந்தே அழித்தேன்!

அதற்குள் என்னைத் தேற்ற வந்துவிடாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இருந்தேன். கடலோரக் குப்பங்களில் கண் பரிசோதனை முகாம் நடத்திய தொண்டு நிறுவனம் ஒன்று தன் படிவங்களை எங்களிடம் தந்தது. பல்லாவரத்திலிருந்து வந்துகொண்டிருந்த நூர்ஜகான் அவற்றைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிப்பாள். குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்பத்தலைவர் முதல் கடைசி ஆள் வரை பெயர்கள் பக்கவாட்டில், ஆளுக்கொரு நெடுக்குப் பத்தியில். மருத்துவமனைக்கோ ஆளுக்கொரு வரி வேண்டும். அந்தப் பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது என் வேலை. அதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. எந்தெந்தப் பத்திகள் என்று காட்டினால் போதும்.

முதல் குப்பத்தில் எந்த வீட்டிலும் ஆறு பேருக்கு மேல் இல்லை. ஆறு பத்திகளைக் காட்டினேன். அடுத்த குப்பத்துக்கும் அதையே அப்படியே ஓட்டினேன். அங்கே ஏழு, எட்டுப் பேர் கொண்ட வீடுகள் இருந்தன! மிச்சப் பெயர்களை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. சரிபார்க்க வேண்டியவன் நான். பார்த்தேனா? சோம்பேறி! எந்த வீட்டிலும் கடைசியில் எழுதப்படுவது யார் பெயர்? வீட்டுக்கு வந்த மருமகள் பெயர்தானே...

ஒரு நாள் காலை, பட்டியல் எங்கே போட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டு, அந்தக் குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மா தன் மருமகள் செல்வியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"இன்னா சார் இது! வூட்ல கீற ஏழு பேரையும் எளுதிக்கினு போனீங்க. இவ பேரு மட்டும் எங்க பூடுச்சு? லிஸ்ட்ல இல்லன்னு ஆஸ்பத்திரில தொரத்தி வுட்டானுங்க!"

செல்விக்குக் கண் அழுத்த நோய்; தாமதித்தால் போன பார்வை திரும்பாது. ஒரு கண்ணைப் பொத்தியபடி நின்றாள்.

மேனேஜர் படிவக்கட்டை எடுக்க உள்ளே போனார். எனக்கு அரை நிமிடம் கிடைத்தது. நூர்ஜகானின் கோப்பைத் திறந்தேன். ஏழாவது பத்தி, எட்டாவது பத்தி... அழித்தேன். சேமித்தேன்!

"டைப் பண்ணும்போதே விட்டிருக்காங்க சார்," என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை. அயோக்கியன்!

"எல்லாப் பேரும் அடிச்சேன் சார், நிஜமா," என்றாள் நூர்ஜகான். மேனேஜர் திரையைக் காட்டினார். அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

செல்வியின் பெயரை மறுபடி சேர்த்து, அவள் முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. வலக்கண் பார்வை போனது போனதுதான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா? இல்லை! சம்பளம், பதவி என்று காரணம் சொன்னால் காறித் துப்புங்கள். வெறும் பயம். கேவலமான பயம்!

இரண்டு வருடம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நூர்ஜகான் என்னைப் பார்த்துவிட்டாள். ஒளிய இடமில்லை. உண்மை தெரிந்துதான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், அறையட்டும் என்றுகூட...

"அண்ணா, நான்தான் விட்டுட்டேன் போல. அடிச்ச மாதிரியே ஞாபகம் இருந்துச்சு. இப்போ என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்லண்ணா. அதுக்கப்புறம் வேலைக்கே போகல. அந்தப் பொண்ணு கண்ணு என்னாச்சு?"

"சரியாயிடுச்சும்மா," என்றேன். "விடு... யாருக்கும் நடக்கிறதுதானே."

அவள் முகம் தெளிந்தது. "தேங்க்ஸ்ணா," என்றாள்.

கேட்டீர்களா? நான் செய்ததற்கு, நான் அவளை மன்னித்துவிட்டு வந்தேன்!