சுத்தத்தில் தேய்ந்த பம்புகள்

பேருந்துப் பணிமனையின் எரிபொருள் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்குப் பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. எதையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால் பம்பு ஃபிட்டர் வைத்த பெயர். இருபது வயதில் குப்பி கழுவ வந்தவர். குப்பியில் ஒட்டியிருப்பது என்ன, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிச் சலித்த வேதியியலாளர்கள் புத்தகங்களையே கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் படித்த கல்லூரி அதுதான். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் பதவி 'உதவியாளர்'. பட்டம் இல்லையாம்!

அந்த ஆண்டு மூன்றே மாதத்தில் பதினோரு பேருந்துகளின் டீசல் பம்புகள் தேய்ந்து இறுகி நின்றன. அந்தப் பம்புக்குத் தனி மசகெண்ணெய் கிடையாது; உள்ளே ஓடும் டீசலே மசகு. ஃபிட்டர் டீசலைத் திருடிவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று மேலாளர் முடிவு கட்டி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். ஆதாரம்? டாங்கிச் சாவி ஃபிட்டரிடம் இருந்தது. மேலாளரிடமும் ஒரு சாவி இருந்தது. அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. சந்தேகத்துக்குப் படியிறங்கத் தெரியும், ஏறத் தெரியாது.

வெளியேறும் வழியில் ஃபிட்டர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பூதக்கண்ணாடி, நான் திருடனான்னு அதுல தெரியுமா?"

"உங்க மூஞ்சில ஒண்ணும் தெரியாதுண்ணே. டீசலைத்தான் பார்க்கணும்."

பார்த்தார். மண்ணெண்ணெய் துளியும் இல்லை. அடுத்து, டீசலில் மூழ்கிய எஃகுத் தகட்டின் மேல் சிறு எஃகுக் குண்டை எழுபத்தைந்து நிமிடம் உரசவிட்டார். குண்டில் விழும் வடு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. 590 காட்டியது. எடுத்து வைத்திருந்த போன வருட டீசலில் 380. இரண்டிலும் தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்திருந்தது. அப்படியானால் மாறியது எது?

பயோடீசல் ஆலையின் சான்றிதழில் விடை இருந்தது. புதிதாகக் காய்ச்சி வடிக்கிறார்களாம், தூய்மை 99.8 சதவீதம்.

கந்தகம் நீக்கிய டீசல் வறண்டது, மசகுத்தன்மை குறைவு. பயோடீசல் மூலக்கூறின் ஒரு முனையில் ஆக்சிஜன் உண்டு. அது உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட வால் வெளியே நிற்கும். இரும்பும் இரும்பும் உரசாமல் ஒரு மெல்லிய விரிப்பு. ஆனால் எண்ணெய் முழுதாக வினைபுரியாமல் மிஞ்சும் மோனோகிளிசரைடு என்ற பொருளின் பிடி இன்னும் பலம். நூற்றுக்கு ஒன்று கலக்கும்போது பெரும்பாலான காவல் அதனுடையது. மிகுந்தால் வடிகட்டியை அடைக்கும், உண்மைதான். அதற்காக அதை அழுக்கு என்று மொத்தமாகத் துரத்திவிட்டார்கள். 'சுத்தம்' என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளாமல் தலையாட்டும் புத்தி எத்தனை கேடு செய்திருக்கிறது! பம்புகளோடு நின்றால் பாக்கியம்.

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் அம்மாளின் வீட்டுக்காரருக்கும் இது பிடிபடவில்லை.

"சுத்தமா இருந்தா நல்லதுதானே?"

"நூலுக்கு ஏன் மெழுகு தேய்க்கிறீங்க? சுத்தமான நூலாலயே தைக்க வேண்டியதுதானே?"

"அறுந்துடும்டி."

"அவ்வளவுதாங்க விஷயம்."

காய்ச்சி வடித்தபின் ஆலை ஒதுக்கிய, மோனோகிளிசரைடு தங்கிய அடிக்கசடைக் கேட்டு வாங்கி, புது டீசலில் சில சொட்டு விட்டு மறுபடி உரசினார். 370. மூன்று முறை செய்தும் ஏறக்குறைய அதேதான்.

மேலாளர் நம்பவில்லை. "சான்றிதழ்ல 99.8 இருக்கேம்மா."

"சான்றிதழைப் பம்புல ஊத்த முடியாதே சார்."

நுண்ணோக்கியில் இரண்டு வடுக்களையும் பார்த்தபின் மேலாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். மறுநாள் ஆலைக்கு அனுப்ப அறிக்கை தயாரானது. சோதித்தவர் கையெழுத்தும் அதில் வேண்டும். அம்மாள் கடைசி வரி வரை படித்தார்.

"ஃபிட்டரைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்?"

"இது டீசலைப் பத்தின அறிக்கைம்மா."

"டீசலுக்காகத்தானே அவரை நிறுத்தினீங்க?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். போடும்மா."

"இப்பவே பார்த்துடலாம் சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு குப்பியை எடுத்துக்கொண்டார். பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அந்த மேலாளர் கையில். இரண்டு நாள் அறிக்கை மேசையில் கிடந்தது; அதற்குள் பன்னிரண்டாவது பேருந்தும் நின்றது. மூன்றாம் நாள் ஒரு வரி கூடுதலாக வந்தது: 'கலப்படம் இல்லை, ஃபிட்டர் குற்றமற்றவர், உடனே பணியில் சேர்க்கப்படுகிறார்.' அம்மாள் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஃபிட்டர் அந்தத் தாளோடு கூடத்துக்கு வந்தார். "தேடிப் பார்த்துட்டேன், மன்னிப்புன்னு ஒரு வார்த்தை காணோமே?"

"அது என் கையெழுத்துல வராதுண்ணே. அவர்தான் போடணும்."

"அவர் எங்க போடப்போறார்?" ஃபிட்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிரித்துக் கிடந்த பன்னிரண்டு பம்புகளைப் பார்க்கப் போனார்.