வெளியே கேட்காத வயலின்

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இறந்து இரண்டு கிழமை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை எங்கள் ஓர்ஸ் ஹில் ஒழுங்கையில் யாரும் பாட்டுப் போடமாட்டார்கள். எனக்கோ வெளிநாட்டுத் தியான வகுப்பொன்றுக்கு இசை அனுப்பவேண்டியிருந்தது. மின்வயலின்தானே, ஹெட்போன் மாட்டினால் வெளியே கேட்காது என்று துணிந்து ஜன்னலோரம் நின்று வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது வெளியே அக்கா, என் கையையே பார்த்தபடி நின்றார். வில்லைச் சட்டென்று இறக்கினேன்.

“தம்பி, நானும் ஒருக்கால் கேக்கட்டோ?”

ஹெட்போனை ஜன்னல் கம்பிக்கூடாகக் கொடுத்துவிட்டு, அதையே திரும்ப வாசித்தேன். நீண்ட ஒற்றைச் சுரம், பின்னால் பெரிய குகைக்குள் போல எதிரொலி. ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது. அப்படி இருப்பதற்காகத்தான் தியான வகுப்புக்காரர் இந்த இசையைக் கேட்கிறார்கள்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்க பிடிச்சு அழுறது? வழுக்குது, தம்பி.”

எனக்குக் கோபம் வந்தது. அழுவதற்கா இதைச் செய்கிறோம்? ஆனாலும் எதிரொலியை முழுதாக அணைத்தேன். வில் கம்பியில் உரசுவது இனி அப்படியே அவருக்குக் கேட்கும். எனக்குக் கேட்காமலே வாசித்தேன்.

அன்று ஒழுங்கையில் கேட்டது அக்கா அழுத சத்தம் மட்டும்தான்.